ஆறு வாரத்துக்குள் அடங்கிய கேள்வி: ஒரு உதவித்தொகை விண்ணப்பத்தின் கதை

இளங்கலை மாணவர்களுக்கான ஆராய்ச்சி மற்றும் தலைமைப் பண்பு உதவித்தொகை ஒன்றுக்கு ஒரு மாணவி இரண்டு முறை விண்ணப்பித்தார். முதல் முறை நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை. அடுத்த ஆண்டு தேர்வானார். மதிப்பெண் கிட்டத்தட்ட அதேதான். ஆர்வமும் அதேதான். எடுத்துக்கொண்ட விஷயம்கூட மாறவில்லை. இரண்டு ஆண்டும் அவருடைய வரைவுகளை வாசித்துக் கருத்துச் சொன்னவள் நான். நடுவில் என்ன மாறியது என்பதை, அவருடைய ஒப்புதலோடும் அவருடைய தோழியின் ஒப்புதலோடும் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

எது எதிர்பார்க்கப்படுகிறது

இளங்கலை மாணவர் ஆராய்ச்சி செய்வது என்பது இன்று பல பல்கலைக்கழகங்களில் சாதாரணம். ஆனால் அது ஒரு ஏற்பாடாக உருவானது அவ்வளவு பழைய கதை இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1969-இல் மார்கரெட் மக்விகர் தொடங்கிய திட்டம் இதற்கு ஒரு முன்னோடி. இளங்கலை மாணவரை வகுப்பறையிலிருந்து எடுத்து ஆசிரியரின் ஆய்வில் உடன் உழைப்பவராக உட்கார வைத்தது அது.

ஆராய்ச்சியோடு தலைமைப் பண்பையும் சேர்த்துக் கேட்கும் உதவித்தொகைகள் இன்னொரு வகை. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் லெயிட்லா திட்டம் இதற்கு நல்ல உதாரணம். முதல் கோடையில் ஆறு வாரம் ஆராய்ச்சி. இரண்டாம் கோடையில் ஆறு வாரம், ஒரு சமூகத்தோடோ அமைப்போடோ சேர்ந்து களத்தில் வேலை. இடைப்பட்ட காலத்தில் தலைமைப் பயிற்சி. இந்த மாணவி விண்ணப்பித்த திட்டமும் இதே அச்சில் அமைந்ததுதான். முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பதால் அவருக்கு இரண்டு வாய்ப்புகள் கிடைத்தன.

இந்த வகை உதவித்தொகையைப் பரிசு என்று நினைத்துக்கொள்வதில்தான் பலருடைய சறுக்கல் தொடங்குகிறது. நன்றாகப் படித்ததற்கும், மன்றங்களில் பொறுப்பு வகித்ததற்கும் கொடுக்கப்படும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, செய்ததையெல்லாம் வரிசையாக அடுக்குகிறார்கள். தேர்வுக் குழு பார்ப்பது முன்னால் இருக்கும் 12 வாரங்களை. இந்த ஆளிடம் நேரத்தையும் பணத்தையும் ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்குத்தான் அவர்கள் விடை தேடுகிறார்கள்.

முதல் விண்ணப்பம்

மாணவி முதலாண்டிலேயே ஒரு வாசிப்புக் குழு தொடங்கியிருந்தார். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பார்கள். 14 பேர் வாசித்தார்கள், 9 பேர் பயன்படுத்தினார்கள். அந்த 9 பேரில் ஒருவர் மாணவியின் நெருங்கிய தோழி, விடுதி அறைத் தோழியும்கூட.

விண்ணப்பத்தின் ஆய்வுத் தலைப்பு, 'பார்வையற்ற மாணவர்களின் உயர்கல்வியில் தொழில்நுட்பத்தின் பங்கு'. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வரைவில் பிரெய்லியின் வரலாறு இருந்தது, 2013-இல் கையெழுத்தாகி 2016-இல் நடைமுறைக்கு வந்த, பார்வையற்றோருக்கான நூல் பிரதிகள் பற்றிய மராகேஷ் ஒப்பந்தம் இருந்தது, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்களின் வளர்ச்சி இருந்தது. பல கல்லூரி மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துத் தரவு திரட்டுவது, ஆசிரியர்களை நேர்காண்பது, கடைசியில் கொள்கைப் பரிந்துரைகள் தருவது. இத்தனையும் ஆறு வாரத்தில்.

தலைமை பற்றிய கட்டுரை ஒரு பட்டியல். வகுப்புப் பிரதிநிதி, விவாத மன்றச் செயலாளர், வாசிப்புக் குழு நிறுவனர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. நடுவில் தோழியைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி. அவர் பாடநூல் கிடைக்காமல் இரவில் அழுததும், இவர் அதைப் பார்த்து வாசிப்புக் குழுவைத் தொடங்க முடிவெடுத்ததும்.

அந்த வரைவை நான் வாசித்தேன். மொழியைத் திருத்தினேன், இரண்டு இடத்தில் நீளத்தைக் குறைக்கச் சொன்னேன், 'மிக நன்றாக இருக்கிறது' என்று எழுதி அனுப்பினேன். பரிந்துரைக் கடிதத்தைத் துறைத்தலைவரிடம் வாங்கும்படி சொன்னதும் நான்தான். அவருக்கு மாணவியை மதிப்பெண் பட்டியலில்தான் தெரியும். கடிதமும் அப்படித்தான் வந்தது: திறமையானவர், ஒழுங்கானவர், பரிந்துரைக்கிறேன்.

நிராகரிப்பு மின்னஞ்சலில் கருத்து என்று இரண்டே வரிகள் இருந்தன. கேள்வி மிக விரிந்தது. இந்த ஆய்வை இந்த விண்ணப்பதாரர்தான் செய்ய வேண்டும் என்பதற்கான காரணம் தெரியவில்லை.

இரண்டாவது வரி மாணவியை ரொம்பவும் புண்படுத்தியது. 'நான்தானே மேடம் ஒரு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன், என்னைவிட யாருக்குக் காரணம் இருக்கும்?' என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் படித்தபோது குழு சொன்னதும் சரியாகவே தெரிந்தது. ஒரு வருடம் அவர் கையாண்ட கோப்புகளும், தினமும் சந்தித்த சிக்கல்களும் ஆய்வுத் திட்டத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. வேலை ஒரு பக்கம், ஆய்வு இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் தோழியின் கண்ணீர்.

தோழி கேட்டது

நிராகரிப்பு வந்த பிறகுதான் மாணவி விண்ணப்பத்தைத் தோழிக்கு அனுப்பினார். அதுவரை அவர் அதைப் படித்ததே இல்லை. அவரைப் பற்றி ஒரு பத்தி இருப்பதும் அவருக்குத் தெரியாது.

தோழி அதை ஸ்கிரீன் ரீடரில் கேட்டுவிட்டுச் சொன்னதை மாணவி என்னிடம் அப்படியே ஒப்பித்தார். 'நான் அழுதேன், சரி. ஆனால் அழுததற்கு முன்னால் இரண்டு மணி நேரம் அந்தக் கோப்போடு சண்டை போட்டேன். அது ஸ்கேன் செய்த படம். அதற்குள் எழுத்தே இல்லை. அதை நீ எழுதவே இல்லையே? என் அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டாய்.'

ஊனமுற்றோர் உரிமை இயக்கத்தில் பல பத்தாண்டுகளாக ஒலிக்கும் முழக்கம் ஒன்று உண்டு: எங்களைப் பற்றி எதுவும் எங்களை விட்டுவிட்டு வேண்டாம். மாணவி முதல் விண்ணப்பத்தில் அந்த முழக்கத்தை மேற்கோளாகவே போட்டிருந்தார். மேற்கோள் போட்ட அதே ஆவணத்தைத் தோழியிடம் காட்டவில்லை. நானும், 'இதைத் தோழி பார்த்தாரா?' என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இந்த நிகழ்வில் திருப்பம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இதற்குப் பிறகு நடந்த மாற்றங்கள் எல்லாம், கேள்வி சுருங்கியது, தலைமைக் கட்டுரை மாறியது, நேர்காணலில் தடுமாறாமல் பேசியது, எல்லாமே அந்த உரையாடலிலிருந்து வந்தவை. தோழி குறை சொன்னதோடு நிறுத்தவில்லை. ஒரு வாரத்தில் தனக்கு வந்த 11 பாடக் கோப்புகளில் எது எங்கே உடைந்தது என்று குறித்து அனுப்பினார். ஒன்றில் இரண்டு பத்திகளாக அச்சான பக்கம், இடது பத்தியின் முதல் வரிக்குப் பிறகு வலது பத்தியின் முதல் வரி என்று மாறி மாறி வாசிக்கப்பட்டது. இன்னொன்றில் சமன்பாடுகள் எல்லாம் படங்கள். அங்கே 'படம்' என்பதைத் தவிர ஒன்றும் கேட்காது. மற்றொன்றில் எக்ஸின் வர்க்கம் என்று வர வேண்டியது 'எக்ஸ் 2' என்று வந்தது. புள்ளியியல் பாடத்தில் அந்த வித்தியாசம் விடையையே மாற்றிவிடும்.

கேள்வி சுருங்கிய விதம்

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். மாணவிக்கு முதலில் தோன்றியது, 'பிடிஎஃப் கோப்புகள் பார்வையற்ற மாணவர்களுக்குப் பயன்படுகின்றனவா?' பரவாயில்லை, ஆனால் இன்னும் பெரியது. உலகத்தில் உள்ள கோப்புகள் அத்தனையும் அதற்குள் வந்துவிடும். மேலும் விடை ஏற்கெனவே தெரிந்ததுதான்: சில பயன்படும், சில பயன்படாது.

பிடிஎஃப் 1993-இல் அடோபி வெளியிட்ட வடிவம், 2008-இல் பன்னாட்டுத் தரமானது. அச்சிட்டால் எப்படி இருக்குமோ அப்படியே திரையில் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த வடிவம் அது. கண்ணால் பார்ப்பவருக்குச் சரியாக இருப்பது காதால் கேட்பவருக்கும் சரியாக இருக்க, எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை, எதற்குப் பிறகு எதை வாசிக்க வேண்டும் என்ற குறிகள் கோப்புக்குள் இருக்க வேண்டும். அதற்கான தனித் தரம் 2012-இல் வந்தது. ஆகவே என்ன செய்ய வேண்டும் என்பது உலகத்துக்குத் தெரியும். அப்படியிருந்தும் மாணவர் கையில் கிடைக்கும் கோப்பு ஏன் உடைந்து வருகிறது? தோழி அங்கேதான் ஒரு கேள்வியைப் போட்டார்: 'தப்பு எந்த இடத்தில் உள்ளே வருகிறது?'

அதுவே ஆய்வுக் கேள்வி ஆனது. கடைசியில் விண்ணப்பத்தில் எழுதியது இப்படி: எங்கள் பல்கலைக்கழகத்தின் நான்கு முதலாண்டுப் பாடங்களின் வாசிப்புப் பட்டியலில் உள்ள கோப்புகளில், ஸ்கிரீன் ரீடரால் முழுதாக வாசிக்க முடிபவை எத்தனை, முடியாதவற்றில் குறை எந்தக் கட்டத்தில் நுழைந்தது?

நான்கு பாடங்களைத் தேர்ந்ததற்குக் காரணம் எழுதினார். வரலாறு, ஏனென்றால் பழைய நூல்களை ஸ்கேன் செய்வது அங்கே அதிகம். புள்ளியியல், ஏனென்றால் சமன்பாடு. உயிரியல், ஏனென்றால் வரைபடம். பொருளியல், ஏனென்றால் அட்டவணை. பாடத்துக்கு 30 கோப்பு, மொத்தம் 120.

நான் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எந்த மாணவர் வந்தாலும் இப்போது முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். மாதிரிக்கு ஐந்து கோப்புகளை எடுத்து, நேரம் குறித்துக்கொண்டு சோதித்தார். ஒரு கோப்புக்குச் சராசரியாக 40 நிமிடம் ஆனது. 120 கோப்புக்கு 4,800 நிமிடம், அதாவது 80 மணி நேரம். உன்னிப்பாகக் கேட்கும் வேலையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் செய்தால் கவனம் சிதறுகிறது என்று அவரே கண்டார். அப்படியானால் 16 வேலை நாள். ஆறு வாரத்தில் வேலை நாள் 30. முன்னோட்டத்துக்கு 3, இரண்டாம் முறை சரிபார்ப்புக்கு 3, எழுதுவதற்கு 5. மிச்சம் 3 நாள். அந்த மூன்று நாளையும் காலியாகவே விட்டு, 'ஏதாவது பிசகினால் இதற்குள் சரிசெய்வேன். அதற்கு மேல் போனால் பாடத்துக்கு 30 என்பதை 22 ஆகக் குறைப்பேன்' என்று ஒரு வரி சேர்த்தார்.

மூன்று வரிக்குள் அடங்கும் கணக்குதான். ஆனால் முதல் விண்ணப்பத்தின் நான்கு பக்கத்தில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. இந்த வேலையை இவர் உண்மையிலேயே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். 40 நிமிடம் என்ற எண்ணை யாரும் ஊகித்து எழுத மாட்டார்கள்.

குறை எங்கே நுழைந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கோப்புகளைப் பதிவேற்றும் பத்துப் பேரை நேர்காண்பதாகத் திட்டம். ஆய்வு வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்த ஆசிரியர் அதை ஏற்கவில்லை. மனிதர்களிடம் தகவல் திரட்டினால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், கோடை தொடங்கும் முன் அது கைக்கு வரவில்லையென்றால் ஆய்வே நின்றுவிடும் என்றார். 'கோப்பையே கேளுங்கள்' என்றார். ஒவ்வொரு பிடிஎஃப் கோப்பின் பண்புகளிலும் அதை எந்த மென்பொருள் உருவாக்கியது என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்கும். ஸ்கேனரிலிருந்து வந்ததா, வேர்டு ஆவணத்திலிருந்து வந்ததா, பதிப்பாளரிடமிருந்து வந்ததா என்று அதில் தெரியும். வேர்டு ஆவணத்தில் தலைப்புகள் முறையாக இருந்தாலும், பிடிஎஃப் ஆகச் சேமிக்காமல் அச்சிடும் கட்டளை வழியாகக் கோப்பை உருவாக்கினால் அந்தக் குறிகள் உதிர்ந்துவிடும். அந்த வேறுபாட்டுக்கும் கோப்பில் தடயம் கிடைக்கும்.

நேர்காணல்கள் இரண்டாம் கோடைக்குத் தள்ளிப்போயின. அப்படித் தள்ளியதும் விண்ணப்பத்தில் அதுவரை தனித்தனியாகக் கிடந்த இரண்டு பாதிகள் ஒட்டிக்கொண்டன. முதல் கோடையில் குறை எங்கே நுழைகிறது என்று தெரியும். இரண்டாம் கோடையில், அந்த இடத்தில் வேலை செய்யும் நூலகப் பணியாளர்களோடும் உதவி ஆசிரியர்களோடும் சேர்ந்து அதைச் சரிசெய்ய முயலலாம். ஆராய்ச்சி, தலைமை என்று ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு கதை சொல்ல வேண்டிய அவசியமே போய்விட்டது. இரண்டும் ஒரே வேலையின் அடுத்தடுத்த கட்டங்கள்.

தோழியின் இடமும் இங்கே மாறியது. 120 கோப்பில் 20 கோப்பை அவர் தனியாகச் சோதிப்பார், இருவருடைய முடிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஜேகப் கோஹன் 1960-இல் தந்த கப்பா அளவீட்டால் கணக்கிடுவார்கள். அதற்கு அவருக்கு ஊதியம் உண்டு என்று செலவுத் திட்டத்தில் எழுதினார்கள். ஊதியம் எழுதலாமா என்று மாணவி தயங்கினார், நட்புக்குள் பணம் எதற்கு என்று. தோழிதான் வற்புறுத்தினார். 'நான் உனக்கு உதவி செய்யவில்லை, வேலை செய்கிறேன்' என்றார். அந்த வரியை விண்ணப்பத்தில் போடலாமா என்று மாணவி இந்த முறை கேட்டார். வேண்டாம் என்றார் தோழி. போடவில்லை. இந்தக் கட்டுரையில் எழுதலாம் என்று இப்போது சொல்லியிருக்கிறார்.

பத்து நாள் காய்ச்சல்

தலைமைக் கட்டுரைக்கு மறுபடியும் பட்டியலோடுதான் வந்தார். இந்த முறை நான் மொழியைத் தொடவில்லை. 'வாசிப்புக் குழுவில் எது சரியாக நடக்கவில்லை?' என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். முதலாண்டில் அவருக்கு ஒருமுறை கடும் காய்ச்சல் வந்தது, பத்து நாள் படுக்கை. அந்தப் பத்து நாளும் ஒரு பதிவுகூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. யார் எதை வாசிக்கிறார், எது முடிந்தது, யாருக்கு எப்போது தேர்வு, எல்லாமே அவருடைய கைப்பேசியிலும் தலைக்குள்ளும்தான் இருந்தன. தன்னார்வலர்கள் 14 பேரும் தயாராகத்தான் இருந்தார்கள். சொல்ல ஆள் இல்லை. ஒரு மாணவருக்கு அந்த வாரத்தில் தேர்வு இருந்தது. பாதிப் பாடத்தோடு எழுதப் போனார்.

'அதை எழுதினால் குழுவை நான் சரியாக நடத்தவில்லை என்று ஆகிவிடாதா மேடம்?'

ஆகும். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதும் தெரியும். எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு அட்டவணை போட்டார். ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு வாசிப்பாளர். யாருக்கு எது எப்போது வேண்டும் என்பதைக் கேட்பவர்களே நேரடியாக எழுதலாம். இரண்டு மாதம் கழித்து, ஒரு வாரம் வேண்டுமென்றே ஒதுங்கி இருந்து பார்த்தார். இரண்டு பதிவு தாமதமானது, மற்றவை எல்லாம் வந்தன. தாமதமான இரண்டும் ஒரே வாசிப்பாளருடையவை. அவருக்கு ஒலிப்பதிவைச் சுருக்கி அனுப்பத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். இன்னொருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

இதுதான் கட்டுரையானது. செயலாளர் பதவி, பிரதிநிதிப் பதவி எல்லாம் தன்விவரக் குறிப்புக்குப் போய்விட்டன. நான் இல்லாத வாரத்திலும் வேலை நடக்குமா என்பதைத்தான் தலைமை என்று இப்போது பார்க்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தார். கட்டுரையில் 'தலைமை' என்ற சொல் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

தோழி எல்லா வரைவையும் ஸ்கிரீன் ரீடரில் கேட்டார். கண்ணால் வாசித்து நான் தவறவிட்ட பலவும் அவர் காதில் விழுந்தன. ஒரே பத்தியில் மூன்று முறை வந்த 'மேலும்', மூச்சு முட்டும் வாக்கியங்கள், மாணவியின் பேச்சில் ஒருநாளும் வராத சொற்கள். 'இந்த இடத்தில் நீ இல்லை, வேறு யாரோ பேசுகிறார்கள்' என்று அவர் சொன்ன பத்தி, மாணவி ஒரு மென்பொருளிடம் கொடுத்து மெருகேற்றி வாங்கியது. அதைக் கழித்துவிட்டுத் தானே மறுபடி எழுதினார். வரைவைச் சத்தமாகக் கேட்டுத் திருத்துவதை அதற்குப் பிறகு எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

வழிகாட்டியும் கடிதமும்

வழிகாட்டிக்கு எழுதிய மின்னஞ்சல் ஆறு வரி. முதல் ஆண்டில் ஒரு பேராசிரியருக்கு எழுதியது ஒன்றரைப் பக்கம், அதில் பாதி அவருடைய ஆய்வுகளைப் புகழ்ந்தது. பதில் வரவில்லை. இந்த முறை ஆய்வுக் கேள்வி ஒரு வரி, சோதித்துப் பார்த்த ஐந்து கோப்பின் முடிவு இரண்டு வரி, 'இந்தக் கேள்வி ஆறு வாரத்துக்குத் தாங்குமா, 20 நிமிடம் பேச முடியுமா?' என்று முடித்திருந்தார். மறுநாளே பதில் வந்தது.

பரிந்துரைக் கடிதம் புள்ளியியல் பயிற்சி வகுப்பு நடத்தும் இளம் ஆசிரியரிடம் வாங்கினார். பதவியில் சிறியவர். ஆனால் மாணவி ஒரு கணக்கின் விடை பாடநூலில் தவறாக இருப்பதைக் கண்டு, தன் பக்கம்தான் தப்பு இருக்கும் என்று மூன்று வழியில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து கேட்டதை நேரில் பார்த்தவர். கடிதத்தில் அதை எழுதினார். கடிதம் கேட்கும்போதே ஆய்வுத் திட்டத்தின் வரைவையும் கடைசித் தேதியையும் கொடுத்து, மூன்று வாரம் அவகாசமும் தந்திருந்தார் மாணவி.

நேர்காணல்

20 நிமிடம், மூன்று பேர். ஒருவர் வேறு துறைப் பேராசிரியர், ஒருவர் திட்ட அலுவலர், ஒருவர் முன்பு இதே உதவித்தொகை பெற்ற மாணவர்.

முதல் கேள்வியே அந்த மூன்று காலி நாளைப் பற்றியது. எதற்கு வைத்திருக்கிறீர்கள்? கோப்புகளை அணுகும் அனுமதி தாமதமாகலாம், ஸ்கிரீன் ரீடர் பதிப்பு மாறினால் முன்பு சோதித்தவற்றில் சிலவற்றைத் திரும்பச் சோதிக்க நேரலாம் என்றார். எந்த ஸ்கிரீன் ரீடர் என்று அடுத்து கேட்டார்கள். என்விடிஏ. இலவசம், மூலநிரல் திறந்தது, 2006-இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கியது, தோழியும் மற்ற மாணவர்களும் பயன்படுத்துவது. இதெல்லாம் தயார் செய்து ஒப்பித்த பதில்கள் இல்லை, தினமும் கையாண்டவை.

வேறு துறைப் பேராசிரியர் பதிப்புரிமையைத் தொட்டார். இந்தக் கோப்புகளை மாற்றி அமைக்க உங்களுக்கு உரிமை உண்டா? மராகேஷ் ஒப்பந்தம் பற்றி முதல் விண்ணப்பத்துக்குப் படித்தது இங்கே கைகொடுத்தது. அந்த ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகள், பார்வையற்றோருக்கான பிரதிகளை உரிமையாளரிடம் தனியாக அனுமதி கேட்காமல் உருவாக்கத் தம் சட்டத்தில் இடம் தர வேண்டும் என்று விளக்கினார். கூடவே, முதல் கோடையில் தான் எதையும் மாற்றப் போவதில்லை, சோதிக்க மட்டுமே போகிறேன் என்றும் சொன்னார். முதல் விண்ணப்பத்தில் ஒரு பத்தி முழுக்க அலங்காரமாக நின்ற செய்தி, இங்கே ஒரு கேள்விக்கு விடையாக அரை நிமிடத்தில் முடிந்தது.

ஒரு இடத்தில் திணறினார். 'உங்கள் முடிவு பல்கலைக்கழகத்துக்கே சங்கடமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று முன்னாள் மாணவர் கேட்டார். இதை நாங்கள் மூவருமே யோசித்திருக்கவில்லை. சில நொடி மௌனம். பிறகு, 'முடிவை மாற்ற மாட்டேன். ஆனால் நூலகம் அதைக் கடைசியில் அறிக்கையாகப் படிக்கும்படி விடவும் மாட்டேன். நான்காவது வாரத்திலேயே போய்க் காட்டுவேன். அவர்கள் செய்த தப்பு என்று காட்டாமல், குறை எங்கே நுழைகிறது என்று காட்டினால் சேர்ந்து பார்க்க முடியும். இரண்டாம் கோடையில் எனக்கு அவர்கள் வேண்டும்' என்றார். தோழி சொல்லிக்கொடுத்த அதே சொற்கள், குறை எங்கே நுழைகிறது. வெளியே வந்ததும் அந்தக் கேள்வியில்தான் தோற்றுவிட்டோம் என்று நினைத்து எனக்கு எழுதினார். எனக்கோ, அந்த 20 நிமிடத்தில் அவர் சொன்னவற்றில் அதுதான் மிகச் சிறந்த விடை என்று தோன்றியது. யோசித்துச் சொல்வதைக் குழு கண்ணெதிரே பார்த்தது.

முதல் கோடை

தேர்வு முடிவு வந்து ஆய்வு தொடங்கியதும், எதிர்பார்த்த பிசகு எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை. கோப்புகளுக்கான அனுமதி சரியான நேரத்தில் கிடைத்தது. வரலாற்றுப் பாடத்தின் கோப்புகள்தான் 40 நிமிடத்தில் அடங்கவில்லை. 60, 70 பக்க ஸ்கேன்கள், எழுத்தறியும் மென்பொருள் அரைகுறையாக ஓடியவை. எழுத்து இருப்பதுபோல் தோன்றும், கேட்டால் பொருளற்ற ஒலி. மூன்றாம் வாரத்தின் நடுவிலேயே காலி நாள் மூன்றும் தீர்ந்துபோனது.

அன்று மாலை மாணவி என்னை அழைத்தார். குரலில் பதற்றம் இருந்தது, ஆனால் என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. 'மேடம், 22-க்கு இறங்கிவிட்டேன். வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன், விண்ணப்பத்தில் எழுதியதுதானே என்றார்' என்றார். பாடத்துக்கு 22, மொத்தம் 88. தோழி சோதிக்க வேண்டிய 20 அப்படியே இருக்கட்டும் என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். நான்காம் வாரத்தின் செவ்வாய்க்கிழமை, அதுவரை முடிந்த 61 கோப்பின் அட்டவணையை எடுத்துக்கொண்டு இருவரும் நூலகத்துக்குப் போனார்கள். பேசியது பெரும்பாலும் தோழிதான்.